‘கிரானிக்கிள்’ படத்தில் கேமரா ஏன் மிதக்க வேண்டியிருந்தது

2012இல் வெளிவந்த ‘கிரானிக்கிள்’ என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுப் படத்தை அண்மையில் பார்த்த ஒருவர் இரண்டு கேள்விகளை எழுப்பியிருக்கிறார். பாத்திரங்களே எடுத்த வீடியோக்களைக் கோத்ததுபோல் அமைந்த ஃபவுண்ட் ஃபுட்டேஜ் பாணி இந்தக் கதைக்கு எதற்கு, வழக்கமான முறையிலேயே எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்பது முதல் கேள்வி. கதையின் நாயகனான, அமைதியான பையனாக இருந்த ஆண்ட்ரூவைக் கெடுத்தது, பொருள்களை மனத்தால் நகர்த்தும்படி அவனுக்குக் கிடைத்த ஆற்றல்தானா என்பது இரண்டாவது. இவை தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில், ஆண்ட்ரூவின் கையில் இருக்கும் கேமராவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதை விளக்க முடிவு வரை கதையைச் சொல்லியாக வேண்டும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

படத்தை இயக்கியவர் ஜோஷ் டிராங்க். இது அவருடைய முதல் திரைப்படம். வெளியானபோது அவருக்கு வயது 27. கதையை அவரும் மேக்ஸ் லேண்டிஸும் சேர்ந்து உருவாக்க, திரைக்கதையை லேண்டிஸ் எழுதினார். ஒளிப்பதிவு மேத்யூ ஜென்சன். கதை சியாட்டில் நகரத்தில் நடக்கிறது. ஆனால் படப்பிடிப்பின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்தது. ஏறத்தாழ 1.2 கோடி டாலர் செலவில் உருவான படம் உலகெங்கும் 12 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆண்ட்ரூவாக டேன் டெஹான், அவனுடைய அத்தை மகனோ சித்தி மகனோ என்று படம் பிரித்துச் சொல்லாத உறவுக்காரப் பையன் மேட்டாக அலெக்ஸ் ரஸ்ஸல், பள்ளியில் எல்லோருக்கும் பிடித்தமான ஸ்டீவாகப் பின்னாளில் பெரிய நட்சத்திரமான மைக்கேல் பி. ஜோர்டன் ஆகியோர் நடித்தார்கள்.

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் பாணி 1999இல் வந்த ‘த பிளேர் விட்ச் புராஜெக்ட்’ படத்தின் வெற்றிக்குப் பிறகு பரவலானது. பெரும்பாலும் திகில் படங்களுக்கே அது பயன்பட்டது. ‘கிளோவர்ஃபீல்ட்’ போன்ற படங்கள் அதைப் பெரிய அழிவுக் காட்சிகளுக்குக் கொண்டுவந்தன. இந்தப் பாணிக்குப் பிறவியிலேயே ஒரு நோய் உண்டு. உயிருக்கு ஆபத்து வந்த நிலையிலும் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடாமல் ஏன் ஒருவன் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறான் என்ற கேள்வி, பார்ப்பவர் மனத்தில் எழுந்தே தீரும். இன்னொரு குறையும் உண்டு. கேமராவைப் பிடித்திருப்பவனின் முகம் நமக்குத் தெரிவதில்லை. கதையின் நடுவில் நிற்க வேண்டிய ஒருவன் வெறும் குரலாக மட்டும் இருந்துவிடுகிறான். இந்த வகையில் வந்த பல படங்கள் இவ்விரண்டையும் கண்டுகொள்ளாமல் கடந்துபோயின. ‘கிரானிக்கிள்’ இந்த இரண்டு குறைகளையுமே தன் கதையாக்கிக்கொண்டது என்பதால்தான் இதை வழக்கமான முறையில் எடுத்திருக்கலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரூவின் அறையில் கேமரா கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கிறது. கண்ணாடியில் அவனும், உள்ளே தாழிட்ட கதவும் தெரிகின்றன. கதவுக்கு வெளியே குடித்துவிட்டு வந்த அப்பா தட்டிக்கொண்டிருக்கிறார். இனி எல்லாவற்றையும் படம்பிடிக்கப் போவதாக ஆண்ட்ரூ கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொல்கிறான். அவன் கலைஞனாகும் ஆசையில் கேமராவைத் தூக்கியவன் இல்லை என்பது இந்த ஒரு நிமிடத்திலேயே விளங்கிவிடுகிறது. அடிக்கிற அப்பாவுக்கு எதிராக ஒரு சாட்சி வேண்டும். வீட்டில் வேறு யாரும் சாட்சிக்கு இல்லை. அம்மா படுத்த படுக்கையாக, மருந்துக்குக்கூடப் பணம் போதாத நிலையில் மெல்ல இறந்துகொண்டிருக்கிறார். அப்பா தீயணைப்பு வீரராக இருந்து, பணியில் காயமுற்று, வேலையை இழந்து, குடியில் விழுந்தவர். அத்தகைய வீட்டில் ஒரு பையனுக்குத் துணையாக நிற்பது ஒரு பழைய, பெரிய வீடியோ கேமரா மட்டுமே.

பள்ளியில் அதே கேமரா அவனுக்குச் சுவராகிறது. உணவு உண்ணும்போதும், மைதானத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், விருந்துக்குப் போகும்போதும் அவன் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறான். பார்க்கலாம், ஆனால் பார்க்கப்பட வேண்டியதில்லை என்ற நிலை அவனுக்கு வசதியாக இருக்கிறது. மற்றவர்களுக்கோ அது அருவருப்பாகத் தோன்றுகிறது; அதனாலேயே அவன் மேலும் தனிமைப்படுகிறான். இந்த கேமரா உனக்கும் உலகத்துக்கும் இடையில் தடுப்பாக நிற்கிறது என்று நட்போடு சொல்லப்படும்போது, அந்தத் தடுப்பு தனக்கு வேண்டும் என்பதுபோல் அவன் பதில் சொல்கிறான். எனவே, ஏன் எல்லாவற்றையும் படம் எடுக்கிறான் என்ற கேள்விக்குக் கதை தொடங்கிய சில நிமிடங்களிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. அவனுடைய மனக்காயமே அந்தப் பழக்கமாக வெளிப்படுகிறது.

அடுத்து ஆற்றல் வருகிறது. ஒரு விருந்து நடக்கும் இடத்துக்கு அருகில் தரையில் ஒரு பள்ளத்தை ஸ்டீவும் மேட்டும் கண்டுபிடித்து, படம் எடுப்பதற்காக ஆண்ட்ரூவை அழைத்துப்போகிறார்கள். உள்ளே படிகம்போல் ஒளிரும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதன் நிறம் மாறுகிறது, மூவருக்கும் மூக்கில் ரத்தம் வருகிறது, பதிவு அறுந்துபோகிறது. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யாருடையது என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது மிகச் சரியான முடிவாகவே படுகிறது. கதைக்குள் இருக்கும் கேமராக்களில் பதிவானவற்றைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று விதி வகுத்துக்கொண்ட படம், விஞ்ஞானி ஒருவரைக் கூட்டிவந்து விளக்கம் சொல்ல வைத்தால் அந்த விதியே உடைந்துவிடும்.

அறிவியல் புனைவாக இதில் எனக்குப் பிடித்தது அதன் சிக்கனம். மூவருக்கும் கிடைப்பது ஒரே ஓர் ஆற்றல்: பொருளைத் தொடாமலே மனத்தால் நகர்த்துவது. மற்ற எல்லாமே அதிலிருந்து கிளைத்து வருபவை. பந்தை நகர்த்த முடிந்தால் தன் உடலையும் தூக்கிக்கொள்ள முடியும், அதுதான் பறத்தல். உடலைச் சுற்றி அழுத்தத்தை நிறுத்திவைக்க முடிந்தால் கையில் குத்திய முட்கரண்டி வளைந்துபோகும், அதுதான் கவசம். இது தசையைப்போன்றது, பயிற்சியால் வலுவாகும், அளவுக்கு மீறினால் மூக்கில் ரத்தம் வரும் என்று அவர்களே பட்டறிந்து புரிந்துகொள்கிறார்கள். ஒரேயொரு கற்பனையை ஏற்கச் சொல்லிவிட்டு, அதன் விளைவுகளை நேர்மையாகப் பின்தொடர்வது இந்த வகைக் கதைக்கு அடிப்படையான ஒழுக்கம். பெரும் பொருட்செலவில் வரும் சூப்பர்ஹீரோ படங்கள் பலவற்றில் இந்த ஒழுக்கம் காணக் கிடைப்பதில்லை.

ஆற்றல் கிடைத்தவுடன் அவர்கள் செய்வது என்ன? உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புவதில்லை. லெகோ துண்டுகளை மிதக்கவிட்டு அடுக்குகிறார்கள். பொம்மைக் கடையில் கரடி பொம்மையை நகர்த்தி ஒரு குழந்தையைத் திகைக்க வைக்கிறார்கள். நிறுத்தியிருந்த காரை வேறிடத்துக்கு நகர்த்தி, அதன் சொந்தக்காரர் தேடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பதினேழு பதினெட்டு வயதுப் பையன்கள் வேறு என்ன செய்வார்கள்? அவர்கள் முதன்முதலாக மேகங்களுக்கு நடுவே பறந்து பந்து விளையாடும் காட்சியில் ஒரு விமானம் அருகில் பாய்ந்து செல்லும்போது ஏற்படும் பதற்றம், கேமரா அவர்களோடு அதே வானத்தில் இருப்பதால் வருவது. வழக்கமான பாணியில் அந்தக் காட்சியை எத்தனை அழகாக எடுத்தாலும், இவர்கள் நடிகர்கள், பின்னால் ஒரு படக்குழு இருக்கிறது என்ற உணர்வு ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கும். பின்னணி இசை என்று தனியாக எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். பாத்திரங்கள் இருக்கும் இடத்தில் ஒலிக்கும் பாட்டு மட்டுமே நமக்கும் கேட்கிறது. எப்போது பயப்பட வேண்டும், எப்போது இரங்க வேண்டும் என்று நமக்கு யாரும் இசையால் சொல்லித் தருவதில்லை.

கேமரா மிதக்கத் தொடங்குவதும் இந்தப் பகுதியில்தான். ஆண்ட்ரூவின் திறமை மற்ற இருவரையும்விட வேகமாக வளர்கிறது; கேமராவைக் கையால் பிடிக்காமலே காற்றில் நிறுத்திவைக்கக் கற்றுக்கொள்கிறான். இதைத் தந்திரமான ஒரு வசதி என்று மட்டும் பலர் பாராட்டுகிறார்கள். குலுங்கும் படத்தைப் பார்த்துத் தலைசுற்றியவர்களுக்கு நிம்மதி, ஒளிப்பதிவாளருக்குக் கிரேனில் எடுத்ததுபோன்ற அழகான கோணங்கள் கிடைத்துவிட்டன என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அதைவிட ஆழமான ஒன்று நடக்கிறது. இதுவரை கேமராவுக்குப் பின்னால் மறைந்திருந்த பையன் இப்போது அதற்கு முன்னால் வந்துவிடுகிறான். கண்ணாடி இல்லாமலே அவன் முகம் நமக்குத் தெரிகிறது. கூச்சம் விலகுகிறது, நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள், சிரிக்கிறான். பாணியின் இரண்டாவது குறை என்று மேலே சொன்னேனே, அது நீங்கும் தருணமும் ஆண்ட்ரூ வெளியே வரும் தருணமும் ஒன்றாகவே நிகழ்கின்றன. படத்தின் ஆகச் சிறந்த யோசனை இதுதான் என்பேன்.

ஆனால் இதற்குள் ஒரு துயரமும் ஒளிந்திருக்கிறது. கேமரா தானே மிதக்கும்போது அதற்குப் பின்னால் ஆள் இல்லை. ஆண்ட்ரூவைப் பார்ப்பது ஆண்ட்ரூவேதான். ஸ்டீவின் யோசனைப்படி பள்ளியின் திறமைப் போட்டியில் அவன் மாயவித்தைபோல் தன் ஆற்றலைக் காட்டும்போதுதான் மற்றவர்கள் அவனைப் பார்க்கிறார்கள், கைதட்டுகிறார்கள். அவன் வாழ்வின் மிக மகிழ்ச்சியான இரவு அது. அந்த இரவே ஒரு பெண்ணின் முன் குடிமயக்கத்தில் அவமானப்பட்டு முடிகிறது. அடுத்த நாள் பள்ளியில் பழைய ஏளனம் திரும்புகிறது. மற்றவர்களின் கண்களை நம்பி ஒரு முறை வெளியே வந்தவன், மறுபடி உள்ளே போகிறான். இம்முறை கதவைத் தாழிட வேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

இரண்டாவது கேள்விக்கு இங்கிருந்து வரலாம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று நம் பழமொழி சொல்கிறது. ஆற்றல் ஆண்ட்ரூவைக் கெடுத்தது என்பவர்கள் கிட்டத்தட்ட இந்தப் பழமொழியைத்தான் அவன்மேல் பொருத்துகிறார்கள். ஆனால் அது பொருந்தவில்லை. அதே நாளில், அதே பள்ளத்தில், அதே ஆற்றல் மூன்று பேருக்கும் கிடைத்தது. பின்னால் நெருக்கி ஒலியெழுப்பிக்கொண்டு வந்த வண்டியை ஆண்ட்ரூ ஆத்திரத்தில் தண்ணீருக்குள் தள்ளிவிட்டபோது மேட் பதறிப்போய் விதிகள் வகுக்கிறான்: உயிருள்ளவற்றின்மீது பயன்படுத்தக் கூடாது, கோபத்தில் இருக்கும்போது பயன்படுத்தக் கூடாது, பலர் முன்னிலையில் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அடிபடாத மேட்டுக்கும் ஸ்டீவுக்கும் இந்த விதிகளைக் காப்பது கடினமில்லை. கோபமில்லாத நேரம் என்று ஒன்று ஆண்ட்ரூவுக்கு எப்போது இருந்தது? சித்தர் கதைகளில் மனத்தை அடக்கியவனுக்கே சித்திகள் வாய்க்கும் என்பார்கள். இங்கே வரிசை தலைகீழாகிவிட்டது. அடக்கத்தைக் கற்றுத்தர ஒருவரும் இல்லாத பையனுக்கு ஆற்றல் முதலில் வந்துவிட்டது.

அதற்காகப் படம் அவனுக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை. ஒரு சிலந்தியைக் காற்றில் நிறுத்தி, தொடாமலே அதைப் பிய்த்துப் போடும் காட்சி இருக்கிறது. மிகச் சிறிய காட்சி. ஆனால் என்னை இன்றும் அலைக்கழிப்பது அதுதான். கோபம்கூட இல்லாத, வெறும் ஆர்வத்தோடு செய்யப்படும் கொடுமை அது. பிறகு அவன் தன்னை உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் விலங்காகப் பேசத் தொடங்குகிறான். சிங்கம் மானைக் கொல்வதற்காகக் குற்றவுணர்வு கொள்வதில்லை என்கிறான். அடிபட்டவன் அடிப்பவனின் நியாயத்தையே கற்றுக்கொள்வது இப்படித்தான். வலுத்தவன் செய்வது சரி என்பதைத் தவிர அவனுடைய அப்பாவின் வீட்டில் அவன் கற்ற பாடம் வேறு எது? டேன் டெஹானின் நடிப்பு இந்த இடங்களில் வியப்பூட்டுகிறது. மிரட்டல் தொனியே இல்லாமல், பாடப்புத்தகத்தில் படித்ததை ஒப்பிக்கும் மாணவன்போல் அவர் இதைச் சொல்கிறார்.

ஆண்ட்ரூவை ஆற்றுப்படுத்தப் புயலுக்குள் பறந்துவந்த ஸ்டீவ் மின்னல் தாக்கி இறந்துபோவது கதையின் திருப்புமுனை. அவனிடம் நேரடியாக அன்பு காட்டிய ஒரே நண்பன் போய்விட்டான். அதற்குக் காரணம் தானே என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. அதன் பின் நடப்பவை சரிவின் வேகத்தில் நிகழ்கின்றன. அம்மாவின் மருந்துக்காக அப்பாவின் பழைய தீயணைப்பு உடையை அணிந்துகொண்டு அவன் கொள்ளையடிக்கப் புறப்படுவது நெஞ்சை அறுக்கும் ஒரு தேர்வு: மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காகத் தைத்த உடை அது. பெட்ரோல் நிலையத்தில் வெடிவிபத்து நேர்ந்து அவன் மருத்துவமனையில் கிடக்கும்போது, அம்மா இறந்த செய்தியோடு வந்து அப்பா அவனையே குற்றம் சாட்டுகிறார். அங்கே எல்லாம் வெடித்துச் சிதறுகிறது.

ஆண்ட்ரூவுக்கும் மேட்டுக்கும் நடக்கும் இறுதிச் சண்டையைப் பற்றிப் பலருக்கும் குறை உண்டு. நெருக்கமான ஒரு கதை கடைசியில் கட்டடங்களை உடைக்கும் வழக்கமான படமாகிவிட்டது என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானில் 1988இல் வந்த ‘அகிரா’ தன்மீது செலுத்திய தாக்கத்தை டிராங்க் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தின் நகர அழிவு இங்கும் எட்டிப்பார்க்கிறது. ஆனால் அதற்குள் ஒரு காட்சியைத் தவறவிட்டுவிடாதீர்கள். சியாட்டிலின் அடையாளமான ஸ்பேஸ் நீடில் கோபுரத்தின் உச்சியில் சுற்றுலாப் பயணிகள் கண்ணாடிக்கு அப்பால் நிற்கிறார்கள். ஆண்ட்ரூ அவர்களுடைய செல்போன்களையும் கேமராக்களையும் மனத்தால் பிடுங்கி, தன்னைச் சுற்றிக் காற்றில் மிதக்கவிடுகிறான். அத்தனை கருவிகளின் கண்களும் அவனையே பார்க்கின்றன. கண்ணாடியின் முன் ஒரேயொரு கேமராவோடு தொடங்கியவன், தன்னைப் பார்க்கும்படி ஒரு நகரத்தையே கட்டாயப்படுத்துகிறான். பார்வையை அன்பாகப் பெற முடியாதவன் அதைப் பறித்துக்கொள்கிறான். வழக்கமான முறையில் படமாக்கியிருந்தால் இந்தக் காட்சி வெறும் கண்கட்டு வித்தையாக நின்றிருக்கும். கேமரா என்பது கதைக்குள் இருக்கும் ஒரு பொருளாக, ஒரு பையனின் பசியாக முதலிலிருந்தே வளர்ந்து வந்ததால்தான் இங்கே அதற்கு இத்தனை கனம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கேஸி என்னும் பெண் வீடியோ வலைப்பதிவு நடத்துபவராக வருகிறார். மேட் அவரை விரும்புகிறான் என்பதற்கு மேல் அவருக்கென்று ஒரு வாழ்க்கை எழுதப்படவில்லை. ஆண்ட்ரூ இல்லாத இடங்களில் இன்னொரு கேமரா தேவைப்பட்டதற்காகவே அவர் படைக்கப்பட்டார் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. அம்மாவும் நோயின் அடையாளமாக மட்டுமே நின்றுவிடுகிறார். பிற்பகுதியில் கண்காணிப்பு கேமரா, காவல்துறை வண்டியின் கேமரா, செய்தி ஹெலிகாப்டர் என்று கோணங்கள் பெருகும்போது, இவற்றையெல்லாம் யார் சேகரித்து இப்படிக் கோத்தார்கள் என்ற கேள்விக்குப் படத்தில் விடை இல்லை. அப்படி ஒரு தொகுப்பாளரைக் கதைக்குள் காட்டாமல் விட்டது சரியே என்று நான் நினைத்தாலும், கேஸியை அலட்சியமாக எழுதியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏறத்தாழ 84 நிமிடப் படம் இது. அவருக்காக இன்னும் ஐந்து நிமிடங்கள் ஒதுக்கியிருக்கலாம்.

கடைசிக் காட்சியில் மேட் திபெத்தின் மலைகளுக்கு வந்திருக்கிறான். ஆண்ட்ரூ ஒரு முறை போக ஆசைப்பட்ட இடம் அது. தன் கையாலேயே கொல்ல நேர்ந்தவனின் கேமராவோடு பேசுகிறான். அவன் கெட்டவன் இல்லை என்று தனக்குத் தெரியும் என்பதுபோல் அதனிடம் சொல்கிறான். பிறகு தூரத்து மடாலயம் தெரியும்படி கேமராவைப் பனியில் நிறுத்திவைத்துவிட்டுப் பறந்து போய்விடுகிறான். இனி அதைப் பிடித்திருக்க ஆள் இல்லை, மிதக்கவைக்க மனமும் இல்லை. இருந்தாலும் அது ஆண்ட்ரூவுக்காக அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.